ஒரே அடுப்பில் மூன்று பேர்

ஸ்ரீபெரும்புதூரில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்திலேயே, பத்துக்குப் பத்து அறை ஒன்றில் பதினான்கு பேரையும் ஒரு கறவை மாட்டையும் குடியேற்றினேன்.

வேலை என்றால், அரசு நடத்தும் மாதிரிக் கணக்கெடுப்பில் ஒப்பந்தக் களப்பணி. கையில் ஒரு டேப்லெட், கழுத்தில் அடையாள அட்டை, பையில் தண்ணீர் பாட்டில். குலுக்கிப் போட்டு எடுத்த ஒரு பட்டியல் வரும். அதில் விழுந்த வீடுகளுக்குப் போய், எத்தனை பேர், என்ன வேலை, என்ன தண்ணீர், என்ன அடுப்பு என்று கேட்டு நிரப்ப வேண்டும். தண்டலம் பக்கம் ஒரு மாடி அறை விழுந்திருந்தது. மூன்று பெண்கள், மூவருக்கும் கம்பெனி வேலை. "உங்க வீட்டுல எத்தனை பேர்?" என்று கேட்டேன். ஒருத்தி நாலு என்றாள். அடுத்தவள் அஞ்சு. மூன்றாமவளும் அஞ்சு. நான் கூட்டிப் போட்டேன். இத்தனை பேர் எங்கே படுப்பார்கள் என்று ஒரு நிமிஷம் உறுத்தத்தான் செய்தது. ஷிப்ட் கணக்கில் மாறி மாறித் தூங்குவார்கள் போலிருக்கிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். "ஆடு மாடு ஏதாவது?" என்றதும் மூன்றாமவள் முகம் மலர்ந்து, "ஒரு மாடு கீதுக்கா, போன வாரம்தான் கன்னு போட்டுச்சு" என்றாள். மாட்டுக்கு மட்டும் எனக்குச் சமாதானம் கிடைக்கவில்லை. ஆனாலும் போட்டேன்.

மறுநாள் சூப்பர்வைசர் சார் கூப்பிட்டார். எங்கள் குழுவுக்கு அவர்தான் மேலே. ஹெல்மெட்டைக் கழற்றாமலே பேசுகிறவர். வெயிலுக்குப் பயந்தா, வழுக்கைக்கு வெட்கப்பட்டா, யாருக்கும் தெரியாது. டேப்லெட்டை என் பக்கம் திருப்பி, "பத்துக்குப் பத்துல பதினாலு பேரு, சரி. மாடு எப்படிம்மா மாடிப்படி ஏறிச்சு?" என்று கேட்டார்.

சிரிப்பு அடங்க ஒரு வாரம் ஆயிற்று, குழுவில் மற்றவர்களுக்கு. எனக்கு அழுகைதான் வந்தது. ஆனால் அந்தத் தப்பு என்னுடையது மட்டும் அல்ல, அந்த ஊருடையது. கம்பெனி வேலைக்கு வந்து தங்கியிருக்கும் யாரும் அங்கே தாங்கள் படுத்து எழும் இடத்தை வீடு என்று சொல்வதில்லை. அது ரூம். ஷிப்ட் முடிந்தால் ரூமுக்குப் போவார்கள். ரூமில் துணி காயும், ரூமில் சோறு இருக்கும், ரூமில் காய்ச்சல் வந்து கிடப்பார்கள். வீட்டுக்குப் போகிறேன் என்று ஒருத்தி சொன்னால் பொங்கல் வந்துவிட்டது என்று அர்த்தம், இல்லையென்றால் யாரோ செத்துவிட்டார்கள். வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டால் அவர்கள் மனசு ஆறேழு மணி நேரப் பயணம் போய், அப்பா, அம்மா, தம்பி, மாடு எல்லோரையும் எண்ணிவிட்டுத்தான் திரும்பி வரும். ஐந்து வருஷம் ஒரே ரூமில் இருந்தவளும் அப்படித்தான் எண்ணினாள்.

அதனால் சார் எனக்கு ஒரு வழி சொல்லிக்கொடுத்தார். வீடு என்ற வார்த்தையையே எடுக்காதே. அடுப்பைக் கேள். "டெஃபனிஷன்படி, ஒண்ணா தங்கி, ஒரே சமையல்ல சாப்பிடறவங்கதான் ஒரு குடும்பம். ரத்த சொந்தமா இருக்கணும்னு எவனும் சொல்லல. ஒரே அடுப்பா, தனித்தனி அடுப்பா? அவ்வளவுதான் கேள்வி. ஒரே அடுப்புன்னா ஒரு குடும்பம். தனித்தனின்னா தனித்தனிக் குடும்பம்." இதை அவர் தண்டலத்து டீக்கடை ஒன்றில், பஜ்ஜியை எண்ணெய் போகப் பிழிந்துகொண்டே சொன்னார். கல்யாணம், சாதிச் சான்றிதழ், ரேஷன் கார்டு என்று எதையும் கேட்காமல் சோற்றை வைத்துக் குடும்பத்தைத் தீர்மானிக்கிற அந்த விதி எனக்கு அன்றே பிடித்துப்போயிற்று. நான் அப்போது அப்படி ஒரு குடும்பத்தில்தான் இருந்தேன்.

என் சொந்த ஊர் வந்தவாசிப் பக்கம். தினமும் போய்வர முடியாது. பென்னலூரில் ஒரு மாடியில் மூன்று ரூம்கள் வரிசையாக இருந்தன. கடைசி ரூமில் இரண்டு பேர் இருந்தார்கள், மூன்றாவதாக நான் போய்ச் சேர்ந்தேன். ஒருத்தி தென்காசிப் பக்கத்து அக்கா. முப்பத்திரண்டு வயது, எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் நான்கு வருஷமாக லைனில் நின்றவள். கோபம் வந்தால் பேசமாட்டாள், பாத்திரம்தான் பேசும். இன்னொருத்தி அரக்கோணத்துக்காரி. இருபத்திரண்டு வயது, ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனி. அவள் எதையும் மனசுக்குள் வைத்துக்கொள்ள மாட்டாள், வைக்க இடமும் கிடையாது, அத்தனையும் வாய்தான்.

மூவரும் ஒன்றாக விழித்திருக்கும் நேரம் வாரத்தில் ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான். மற்ற நாட்களில் ஒருத்தி கம்பெனி பஸ் ஏறும்போது ஒருத்தி இறங்குவாள். அப்படியும் சமையல் ஒன்றுதான். ஐந்து லிட்டர் குக்கர் ஒன்று, சின்ன சிலிண்டர் ஒன்று. யார் ரூமில் இருக்கிறாளோ அவள் உலை வைப்பாள், மூன்று பேருக்கும் சேர்த்து. ஜன்னல் கட்டையில் மூன்று எவர்சில்வர் டம்ளர்கள் இருக்கும். சாப்பிட்டவள் தன் டம்ளரைக் கவிழ்த்துவிட்டுப் போக வேண்டும். நிமிர்ந்து நிற்கிற டம்ளர் என்றால் அவள் இன்னும் சாப்பிடவில்லை, சட்டியைச் சுரண்டாதே என்று அர்த்தம். இதை யாரும் சட்டம் போட்டுக் கொண்டுவரவில்லை, தானாக வந்தது. வெயிலில் தெருத்தெருவாக அலைந்து, நாலு வீட்டில் திட்டு வாங்கி, ஐந்தாவது வீட்டில் நாயிடம் தப்பித்து ரூமுக்கு வந்தால், இரண்டு டம்ளர் கவிழ்ந்தும் என்னுடையது நிமிர்ந்தும் இருக்கும். தட்டு போட்டு மூடிய சோறு, அக்கா வைத்த புளிக்குழம்பு, ஓரத்தில் ஒரு அப்பளம். எனக்காக இன்னொருத்தி ஒரு அப்பளத்தைத் தின்னாமல் விட்டிருக்கிறாள், அதுவும் அரக்கோணத்துக்காரி இருக்கிற ரூமில்.

புதிய கேள்வித்தாள் வரும்போதெல்லாம் நான் முதலில் அவர்கள் இருவரிடமும்தான் ஒத்திகை பார்ப்பேன். ஞாயிற்றுக்கிழமை, தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். குடிக்கிற தண்ணீர் எது? கேன். அடுப்பு எது? கேஸ். சொந்தமாக ஃபோன் உண்டா? உண்டு. கழிப்பறை உண்டா? உண்டு. உங்களுக்கு மட்டுமா, மற்றவர்களோடு சேர்த்தா? மூன்று ரூமுக்கும் ஒன்று. இதையெல்லாம் எதற்குக் கேட்கிறார்கள் என்று அரக்கோணத்துக்காரி குடைந்தாள். நானும் சாரிடம் இதே கேள்வியைக் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டவள்தான்.

சார் எனக்குச் சொன்னது இது. உலகத்து நாடுகள் எல்லாம் கூடிப் பதினேழு இலக்குகள் வைத்திருக்கின்றன. வறுமை போக வேண்டும், பசி போக வேண்டும், நல்ல தண்ணீர், நல்ல வேலை, பெண்ணுக்குச் சமமான இடம், காற்றும் கடலும் கெடாமல் இருப்பது, இப்படி. சரி சார், யார் மார்க் போடுவார்கள் என்று கேட்டேன். "நமக்கு நாமேதான் போட்டுக்கணும். ஒவ்வொரு நாடும் தன் வீட்டுக் கதவைத் தானே தட்டி, எப்படி இருக்கேன்னு தானே கேட்டுக்கணும். எல்லா நாட்டுலயும் ஒரே மாதிரி கேட்டாத்தான் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்க்க முடியும். போன வருஷத்துக்கும் இந்த வருஷத்துக்கும் நடுவுல நகர்ந்தோமா, நின்ன இடத்துலயே நிக்கறோமான்னு தெரியும். அதுக்குத்தான் நீ வெயில்ல நடக்கற. நீ மாட்டை மாடியில ஏத்துனா நாட்டுக்கே மாடு மாடியில ஏறிடும்." அந்த மாட்டை அவர் ஓய்வு பெறுகிற வரைக்கும் விடவில்லை.

இதை நான் ரூமில் வந்து விளக்கினேன். அரக்கோணத்துக்காரி கவனமாகக் கேட்டுவிட்டு, "அப்ப நாம இன்னாக்கா, பாஸா பெயிலா?" என்றாள். கேன் தண்ணீர் என்பதால் அதில் தப்பித்தோம், கேஸ் அடுப்பு என்பதால் அதிலும். கழிப்பறையை அடுத்த வீட்டாரோடு பகிர்ந்துகொண்டால் அது முழுசாகச் சேராது என்றேன். அக்கா தலைமுடியைச் சிக்கெடுத்துக்கொண்டே, "தண்ணியில பாஸ், கக்கூஸ்ல பெயிலு. ஊருக்கு ஃபோன் போட்டுச் சொல்லட்டுமாட்டி?" என்றாள். அன்று சிரித்த சிரிப்புக்கு ஹவுஸ் ஓனர் கீழேயிருந்து குரல் கொடுத்தார்.

இப்போது நான் வேறு மாவட்டத்தில் இருக்கிறேன். அதே வேலை, கொஞ்சம் பெரிய டேப்லெட். ஆண்டறிக்கை வந்தால் எல்லோரும் நம் மாநிலம் எத்தனையாவது என்று பார்ப்பார்கள். நான் அட்டவணைக்குள் தலையை விட்டு, எந்தத் தசமப் புள்ளிக்குப் பின்னால் அந்தக் கடைசி ரூம் ஒளிந்திருக்கிறது என்று தேடுவேன். பைத்தியக்காரத்தனம்தான். இருந்தாலும் அந்தப் பென்னலூர்த் தெரு ஒரு தடவை குலுக்கலில் விழுந்தது, எங்கள் ரூமும் விழுந்தது, அந்த நாளை நான் சாகும்வரை மறக்கப்போவதில்லை.

அது விழுந்த நேரம்தான் மோசமான நேரம். ரூமில் அடுப்பு இரண்டாகியிருந்தது.

அக்காவின் அப்பா அவள் பள்ளிக்கூடம் போகும்போதே இறந்துவிட்டார். அண்ணன்தான் வாழைத்தோப்பில் கூலிக்கு நின்று அவளைப் பன்னிரண்டு வரை படிக்க வைத்தவர், கம்பெனி வேலைக்கும் அவரே கொண்டுவந்து விட்டவர். இரண்டு வருஷம் இருந்துவிட்டு வா, கல்யாணம் பண்ணி வைக்கிறேன் என்பது பேச்சு. இரண்டு நான்காகியது. அக்காவுக்குத் திரும்பிப்போக மனசில்லை. கல்யாணம் வேண்டாம் என்றுகூட அவள் சொல்லவில்லை, அந்த லைனையும் அந்த ஜன்னலையும் விட்டுப்போக வேண்டாம் என்றுதான் நினைத்தாள். அதை அண்ணனிடம் நேராகச் சொல்ல வாய் வரவில்லை. கான்ட்ராக்ட் முடிகிறது, முடிந்ததும் வந்துவிடுகிறேன் என்று மாதாமாதம் தள்ளிக்கொண்டே வந்தாள். அந்தச் சமயத்தில்தான் கம்பெனியில் அவளை நிரந்தரம் ஆக்கினார்கள். எங்களுக்கு ஒரு கேக் வெட்டினாள். ஊருக்குச் சொல்லவில்லை.

ஒரு நாள் அக்காவின் ஃபோன் அணைந்திருந்தது. அண்ணன் அரக்கோணத்துக்காரியின் நம்பருக்குக் கூப்பிட்டார். அக்காவே கொடுத்து வைத்திருந்த நம்பர் அது. "எப்பம்மா கான்ட்ராக்ட் முடியுது?" என்று அவர் கேட்க, இவள் சந்தோஷத்தில், "இன்னாண்ணா, உங்களுக்குத் தெரியாதா? அக்காவ பர்மனென்ட் பண்ணிட்டாங்களே! இனிமே எங்கியும் போவாது!" என்று கொட்டிவிட்டாள். அடுத்த மாதம் முதல் ஞாயிற்றுக்கிழமை நானே வந்து கூட்டிட்டுப் போறேன் என்று சொல்லி வைத்துவிட்டாராம்.

அக்கா ஷிப்ட் முடிந்து வந்து விஷயம் தெரிந்ததும் பாத்திரம் பேசும் என்று எதிர்பார்த்தோம். அன்றைக்கு வாயே பேசியது. "என் வீட்டு விஷயத்த நீ யாருட்டி சொல்லுததுக்கு? நீ என்ன எனக்குக் குடும்பமா? ஒரு ரூம்ல கெடக்கோம், அம்புட்டுதான்." மறுநாள் அக்கா ஒரு குட்டி எலக்ட்ரிக் குக்கர் வாங்கி வந்து, மூலையில் வைத்து, ஒரு ஆளுக்கு மட்டும் அரிசி போட்டாள். ஜன்னல் கட்டையிலிருந்து தன் டம்ளரை எடுத்துத் தன் பெட்டிக்குள் வைத்துக்கொண்டாள்.

நான் நடுவில் மாட்டிக்கொண்டேன். அக்கா ஒரு தட்டு வைப்பாள், சின்னவளான அரக்கோணத்துக்காரியும் வைப்பாள். யாருடையதை விட்டாலும் கட்சி மாறிய பழி வரும் என்று இரண்டையும் தின்றேன். மூன்று வாரத்தில் சுடிதார் இறுகிப்போனது. வெளியே பார்த்தால் சிரிப்புதான், உள்ளே எனக்குப் பயம். அக்கா போய்விடுவாளோ என்கிற பயம். இந்தக் கோபமே அவளை அண்ணனோடு அனுப்பிவிடும், சின்னவளைப் பழி வாங்குவதாக நினைத்துக்கொண்டு தன் வாழ்க்கையையே மூட்டை கட்டிவிடுவாள் என்று தோன்றியது.

அந்த வாரம்தான் சார் பட்டியலைக் காட்டி, "இது உன் அட்ரஸ் மாதிரி இருக்கே?" என்றார். என் ரூமை நானே எடுக்கக்கூடாது. வேறு ரூமை மாற்றிக்கொள்ளலாமா என்று கெஞ்சினேன். "குலுக்கல்ல விழுந்தது விழுந்ததுதான். பிடிச்ச வீட்டுக்கு மட்டும் போறதுக்கு இதென்ன கல்யாணப் பத்திரிகையா? ஞாயித்துக்கிழமை நானே வரேன்" என்றார். கம்பெனிக்காரர்களை ஞாயிறு விட்டால் பிடிக்க முடியாது. அண்ணன் வருவதாகச் சொன்னதும் அதே ஞாயிறுதான்.

அண்ணன் காலையிலேயே வந்துவிட்டார். இரவெல்லாம் பஸ்ஸில் உட்கார்ந்து வந்த களைப்பு. வெள்ளை வேட்டி, கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். பெண்கள் ரூம் என்பதால் உள்ளே வராமல் வாசல்படியில் நின்றார். வாழைப்பழத்தை என்னிடம் கொடுத்தார். கத்துவார் என்று நினைத்தேன், கத்தவில்லை. "துணிய எடுத்து வை. மத்தியான வண்டிக்குப் போவம்" என்று மட்டும் சொன்னார். அக்கா பெட்டியை இழுத்து நடு ரூமில் வைத்தாள். திறக்கவில்லை, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். சின்னவள் பெரிய குக்கரில் உலை வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். மூலையில் குட்டிக் குக்கரில் அக்காவின் சோறு ஏற்கெனவே வெந்திருந்தது.

அப்போது மாடிப்படியில் ஹெல்மெட் ஏறி வந்தது.

சார் அண்ணனுக்கு வணக்கம் சொல்லி, அடையாள அட்டையைக் காட்டி, வாசலிலேயே ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். என்னை அவர் தெரிந்தவள் மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை. "இங்க எத்தனை பேர் இருக்கீங்க?" என்றார். யாரும் பதில் சொல்வதற்குள் அண்ணன், "ரெண்டு பேருன்னு எழுதிக்கிடுங்க சார். இவ எங்க வீட்டு ஆளு. இன்னைக்குக் கூட்டிட்டுப் போறேன். ரேஷன் கார்டுல அங்கதான் பேரு இருக்கு" என்றார்.

"ரேஷன் கார்டு வேற கணக்கு சார்" என்றார் இவர், கொஞ்சமும் சூடில்லாமல். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்தபடியே சாய்ந்து, அண்ணனின் வேட்டியைத் தாண்டி உள்ளே பார்த்தார். "அம்மா, உங்களைத்தான் கேக்கறேன். போன ஆறு மாசமா நீங்க எங்க இருந்தீங்க?"

"இங்கதான் சார்."

"இனிமே ஆறு மாசத்துக்கு எங்க இருக்கறதா இருக்கீங்க?"

அது படிவத்தில் இருக்கும் விதிதான். வந்து போகிற விருந்தாளியையும் தங்குகிறவரையும் பிரிக்க, நாங்கள் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை கேட்கிற கேள்வி. கேட்டுக் கேட்டு எனக்கு அதில் அர்த்தமே போயிருந்தது. அன்றைக்கு அந்தக் கேள்வி ரூமுக்குள் விழுந்தபோதுதான், இத்தனை நாளில் அக்காவிடம் யாருமே அதைக் கேட்கவில்லை என்பது எனக்கு உறைத்தது. அண்ணன் முடிவைச் சொன்னார். நாங்கள் பயந்தோம். கேட்டவர் இந்த ஒருத்தர்தான்.

அக்கா அண்ணனைப் பார்க்கவில்லை. பெட்டியைப் பார்த்தாள். "இங்கதான் சார் இருப்பேன்" என்றாள். குரல் உடைந்தது, ஆனால் தெளிவாகக் கேட்டது.

சார் டேப்லெட்டில் தட்டினார். "சமையல் ஒண்ணா, தனியா?"

இரண்டு குக்கரும் அவர் கண்ணுக்கு நேராக இருந்தன. மூன்று வாரமாகத் தனித்தனி என்பது எனக்குத் தெரியும். நான் கணக்கெடுக்கிறவள், பொய்யை என் வாயால் சொல்லக்கூடாது. அவரும் பார்த்துவிட்டார். "உள்ளதைச் சொல்லுங்கம்மா. தனித்தனின்னா ரெண்டு குடும்பமா போட்டுக்கறேன். எனக்கு ஒண்ணும் இல்ல" என்றார்.

அக்கா எழுந்தாள். குட்டிக் குக்கரை ஒயரோடு பிடுங்கி எடுத்து வந்து, இன்னும் விசில் வராத பெரிய குக்கரின் மூடியைத் திறந்து, அதில் வெந்துகொண்டிருந்த சோற்றின் மேல் தன் சோற்றைக் கவிழ்த்தாள். வெந்ததும் வேகாததும் ஒன்றாயிற்று. "ஒண்ணுதான் சார்" என்றாள்.

"நான் இன்னிக்குக் கேக்கலம்மா. வழக்கமா எப்படின்னு கேக்கறேன்."

அதற்குமேல் சின்னவளால் முடியவில்லை. "வழக்கமா ஒண்ணுதான் சார். நடுவுல சண்டை. சண்டைன்னு உன் மெஷின்ல எங்கனா போட எடம் கீதா?" என்று அழுதுகொண்டே கத்தினாள்.

சார் டேப்லெட்டைப் பார்த்தார், மேலே தள்ளினார், கீழே தள்ளினார். பிறகு ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். நல்ல வழுக்கை. "இல்லம்மா, இடம் இல்ல" என்று சொல்லிவிட்டு, ஒரே குடும்பம், மூன்று பேர் என்று போட்டார்.

குடும்பத் தலைவர் யார் என்றார். சின்னவள் அக்காவைக் காட்டினாள். அண்ணன் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடியும் குனிந்துகொண்டார். தலைவருக்கு நீங்கள் என்ன உறவு என்று கேட்டதற்கு அவள், "தங்கச்சி" என்றாள். கூடப் பிறந்தவளா? இல்லை. அப்படியென்றால் உறவல்லாதவர் என்று படிவத்தில் ஒரு எண் இருக்கிறது, அதைத்தான் போட வேண்டும். "இன்னா சார் இது, சோறு மட்டும் ஒண்ணா துன்னலாம், தங்கச்சின்னு போட்டா குத்தமா? மேல சொல்லி ஒண்ணு சேத்துக்கச் சொல்லு சார்" என்றாள். சொல்வதாகச் சொன்னார். சொல்லியிருப்பாரோ என்னவோ, இன்றைக்கும் அந்த எண் அப்படியேதான் இருக்கிறது. எனக்கும் அதே எண்தான் விழுந்தது. ஆனாலும் எங்கள் மூவரையும் ஒரு குடும்பம் என்று இந்த நாட்டில் ஒரே ஒரு படிவம்தான் ஒத்துக்கொண்டிருக்கிறது, அது அன்றைக்கு அந்த டேப்லெட்டில் நிரம்பிய படிவம்.

சார் எழுந்தபோது அண்ணன் அவரை நிறுத்தினார். "அப்பம் எங்க வீட்டுக் கணக்குல இவ வர மாட்டாளா சார்?" என்று கேட்டார். சண்டைக்குக் கேட்ட குரல் இல்லை அது. "ஒருத்தர் ஒரு இடத்துலதான் வரணும் சார். ரெண்டு இடத்துல எழுதினா நாட்டுல ஆள் அதிகமாயிடும்" என்றார் இவர், எவ்வளவு மெதுவாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு மெதுவாக. அதுவரை அண்ணன் மேல் எனக்கு இருந்த கோபம் அங்கேயே கரைந்து போயிற்று. தங்கையைச் சுமந்து வளர்த்த ஒரு ஆள், வாசல்படியில் நின்றபடியே தன் வீட்டில் ஒரு ஆளைக் குறைத்துக்கொண்டிருந்தார்.

சாப்பிட்டுத்தான் போக வேண்டும் என்று சின்னவள் அண்ணனை விடவில்லை. பாதி குழைந்த சோறு, பாதி விறைத்த சோறு. மூன்று பேரோடு நான்காவதாக உட்கார்ந்து சாப்பிட்டார். மத்தியானம் ஷேர் ஆட்டோவில் ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டுக்கு அவரைக் கொண்டுபோய் விட்டோம். பஸ் நகரும்போது ஜன்னல் வழியாக, "லீவு கெடைச்சா வா. விருந்தாளி மாதிரி வருவ, என்ன?" என்றார். அக்கா சரி என்று தலையாட்டினாள். பஸ் திரும்பி மறைந்த பிறகு, கம்பெனி சுடிதாரும் கூட்டமும் நிறைந்த அந்த பஸ் ஸ்டாண்டில் நின்று, வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அதுவரை அவள் அழுது நாங்கள் பார்த்ததில்லை. அவள் இருக்கப்போகிறாள், எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது, ஆனால் சந்தோஷப்பட வெட்கமாக இருந்தது.

ஆட்டோவுக்குக் காத்திருக்கும்போது முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னிடம் கேட்டாள். "ஏட்டி, எங்க ஊர்லயும் இதே மாதிரி ஆளு வருவாவளா?"

"வருவாங்கக்கா. எல்லா ஊருக்கும் வருவாங்க."

"வீட்ல எத்தன பேருன்னு கேட்டா அண்ணன் என்ன சொல்லணும்?"

விதி எனக்குத் தெரியும். "உன்னை விட்டுட்டுச் சொல்லணும்கா" என்றேன்.

"சொல்ல மாட்டான்" என்றாள். "எத்தன தடவ கேட்டாலும் என்னையும் சேத்துத்தான் சொல்லுவான். அது தப்புன்னு நீங்க என் பேர அடிச்சிராதிய, என்ன?"

"அடிக்க மாட்டோம்கா" என்றேன். அது பொய்.